‘அவங்கன்னாலே அப்படித்தான்’: கம்பம், குமுளிப் பக்கம் பிள்ளைகளுக்கு வழிகாட்டுபவர்கள் இந்தப் பேச்சை எப்படி நடத்துவது

கம்பம், கூடலூர், போடிப் பக்கத்திலிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறிக் கேரளத்து வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களுக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள், தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) பிறந்து கட்டப்பனையிலோ பீருமேட்டிலோ மலையாளப் பிள்ளைகளோடு படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள், அந்தப் பக்கமிருந்து மலையிறங்கி தேனி, மதுரைக் கல்லூரிகளில் சேர்கிற மலையாளப் பிள்ளைகள். இவர்களில் யாருக்காவது நீங்கள் மூத்தவராக இருந்து வழிகாட்டுகிறீர்கள் என்றால் இது உங்களுக்காக எழுதியது. கல்லூரியில் மெண்டர் என்று பெயர் போட்டுக் கொடுத்திருக்கலாம், சாயங்கால ட்யூஷன் எடுக்கலாம், தோட்டத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் என்பதால் பிள்ளைகள் தாங்களாகவே உங்களைத் தேடி வரலாம். எப்படியானாலும் ஒருநாள் அந்தப் பேச்சு வந்தே தீரும். ‘அவங்க நம்மள பாண்டின்னு சொல்றாங்கக்கா’ என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும் (பாண்டி என்பது மலையாளிகள் தமிழர்களை மட்டமாகச் சொல்கிற சொல்). இல்லையென்றால் ‘மலையாளத்தான நம்பக் கூடாதுண்ணே’ என்று அதே பிள்ளையே சொல்லும்.

பெரும்பாலான மூத்தவர்கள் இந்த இடத்தில் செய்வது இரண்டே காரியம். ஒன்று, ‘அதெல்லாம் கண்டுக்காத, படிப்பப் பாரு’ என்று மூடிவிடுவது. மற்றொன்று, ‘எல்லாரும் மனுசங்கதானே’ என்று ஒரு குட்டிப் பிரசங்கம். இரண்டிலும் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய்விடும், மனசுக்குள் ஒன்றும் அசையாது. நான் இத்தனை காலம் பார்த்த வரையில் அசைகிற இடம் ஒன்றுதான்: ஒரு கூட்டத்தைப் பற்றிய பேச்சை ஒரு ஆள், ஒரு சம்பவம், ஒரு நாள் என்று கீழே இறக்கி, அங்கிருந்து அடுத்த வாரம் செய்யக்கூடிய ஒரு வேலைக்குக் கொண்டுபோவது. கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

பேச உட்காருமுன் உங்கள் பக்கத்தைப் பாருங்கள்

ஒரு தாள் எடுத்து, அந்தப் பிள்ளையைப் பற்றி நீங்கள் விசாரிக்காமலே முடிவு கட்டி வைத்திருப்பதை எழுதுங்கள். தோட்டத்துப் பிள்ளை என்றால் இங்கிலீஷ் வராது, பெண் பிள்ளை என்றால் நர்சிங்தான் சரிப்படும், லயத்து வீடு என்றால் அப்பா குடிப்பார், மலையாளப் பையன் என்றால் படித்து முடித்ததும் கல்ஃபுக்குப் போய்விடுவான். இப்படி ஏதாவது வரும், எல்லோருக்கும் வரும். எழுதியதில் அந்தப் பிள்ளை தன் வாயால் சொன்னது எது, நீங்கள் கண்ணால் பார்த்தது எது, மற்றது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் குறித்து வையுங்கள். மூன்றாவது வகையில் விழுந்ததையெல்லாம் முதல் சந்திப்பில் கேள்வியாக மாற்றிக் கேளுங்கள். ‘நர்சிங் சேர்றியா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘பன்னெண்டாவதுல எந்தப் பாடத்துக்கு உக்காந்தா நேரம் போறதே தெரியல?’ என்று கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும்.

‘எனக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை’ என்று அமுக்கி வைப்பது உதவாது. 1994-ல் பிரிட்டனில் நீல் மெக்ரேயும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கின்ஹெட் (மொட்டையடித்து, முரடர்கள் என்று பெயரெடுத்த கூட்டம்) இளைஞன் ஒருவனின் படத்தைக் காட்டி, அவனுடைய ஒருநாள் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒரு சாராரிடம் மட்டும், அந்தக் கூட்டத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்வதையெல்லாம் ஒதுக்கிவிட்டு எழுதுங்கள் என்றார்கள். அவர்களும் ஒதுக்கித்தான் எழுதினார்கள். ஆனால் அதற்கப்புறம் அடுத்த படத்துக்கு எழுதும்போது அந்த எண்ணங்கள் மற்ற சாராரைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தன. அதே ஆய்வின் இன்னொரு சோதனையில், படத்திலிருந்த ஸ்கின்ஹெட் உட்காரப் போகிற நாற்காலியிலிருந்து சற்றுத் தள்ளியே உட்கார்ந்தார்கள். அதனால் அமுக்காதீர்கள். எழுதி வெளியே வைத்து, விசாரியுங்கள்.

இடம், நேரம்

இதில் அதிகம் சொல்ல இல்லை. ஸ்டாஃப் ரூமில், மற்றவர்கள் காதில் விழுகிற இடத்தில் வேண்டாம். பெண் பிள்ளையை ஆண் மெண்டர் தனி அறையில் கூப்பிட்டு உட்கார வைக்கவும் வேண்டாம். லைப்ரரி வராந்தா, மைதான ஓரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் போதும். முகத்துக்கு முகம் உட்காருவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால் பிள்ளைகள் சுலபமாக வாய் திறக்கிறார்கள். சொன்னது வேறு யாருக்கும் போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டு மேலே கொண்டுபோவேன் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

பிள்ளை காயப்பட்டு வரும்போது

கட்டப்பனைப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருசம் படிக்கிற பெண். பத்தாவது வரை தமிழ்வழி. (இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, கேரள எஸ்.எஸ்.எல்.சி.யைத் தமிழிலேயே எழுதலாம் என்பது மலைக்குக் கீழே இருக்கிற நம்மில் பலருக்குத் தெரியாது.) வகுப்பில் செமினார் எடுக்க மாட்டேன் என்று விட்டாள். பேச்சு இப்படிப் போனது:

‘ஏம்மா, செமினார் வேணாம்னுட்டியாமே?’

‘அவங்க அப்படித்தான்க்கா. நாங்க பேசுனாலே சிரிப்பாங்க. பாண்டின்னு சொல்வாங்க.’

‘யாரும்மா சிரிச்சது?’

‘எல்லாரும்தான்.’

‘சரி, கடைசியா எப்ப நடந்துச்சு? அன்னைக்கு நீ எங்க நின்ன, யார் யார் இருந்தாங்க?’

கொஞ்ச நேரம் யோசித்தாள். போன மாசம், கடைசி பெஞ்சுப் பையன்கள் மூன்று பேர். ழகரத்தையும் ரகரத்தையும் அவள் சொல்கிற விதத்தைக் கேட்டு ஒருவன் திருப்பிச் சொன்னான், இரண்டு பேர் சிரித்தார்கள். முன்வரிசைப் பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்து ‘மிண்டாதிரி’ என்று அவர்களை அடக்கியிருக்கிறாள். டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

‘எல்லாரும்’ என்பது மூன்று பையன்களாகவும், அதட்டிய ஒரு பெண்ணாகவும், கவனிக்காத ஒரு டீச்சராகவும் பிரிந்துவிட்டது. காயத்தைச் சின்னதாக்குவதற்காக இப்படிக் கேட்கவில்லை, அது தெளிவாக இருக்கட்டும். மூன்று பேர் சிரித்தாலும் அவமானம் அவமானம்தான், அதை அவளிடம் சொல்லவும் வேண்டும்: ‘அவன் செஞ்சது தப்பு, உனக்கு எரிஞ்சதுல நியாயம் இருக்கு.’ இதைச் சொல்லாமல் அடுத்த கேள்விக்குத் தாவினால் பிள்ளை உங்களையும் அவர்கள் பக்கத்தில் சேர்த்துவிடும். பிரித்துப் பார்ப்பது எதற்கென்றால், ‘எல்லாரும்’ என்பதை எதிர்த்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று பேர் என்றால் செய்யலாம். அந்த முன்வரிசைப் பெண்ணிடம் போய்ப் பேசலாம், டீச்சரிடம் சொல்லலாம், செமினாரை ஒருதடவை அவளோடு ஒத்திகை பார்க்கலாம்.

கேள்விகளின் வரிசை முக்கியம். முதலில் எப்போது, எங்கே, யார். பிறகு, அப்போது உனக்கு என்ன ஆச்சு. அப்புறம், அதற்குப் பின்னால் நீ எதையெல்லாம் செய்யாமல் விட்டாய். இந்த மூன்றாவதுதான் நிறையப் பேர் கேட்காமல் விடுகிற கேள்வி. கேலி பேசிய பையன் அதை அன்றைக்கே மறந்திருப்பான், ஆனால் இவள் செமினாரை விட்டாள், கேன்டீனுக்குப் போவதை விட்டாள், சந்தேகம் கேட்பதை விட்டாள், அதனால் மார்க் இறங்கும், இறங்கியதும் ‘தமிழ்ப் பிள்ளைங்கன்னாலே இப்படித்தான்’ என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும். அவர்கள் குத்திய முத்திரை இவள் கையாலேயே உறுதியாகிறது. இந்தச் சுற்றைத் தாளில் வரைந்தே காட்டுங்கள், எந்த இடத்தில் அறுக்கலாம் என்று அவளையே காட்டச் சொல்லுங்கள். நீங்கள் காட்டினால் அது உங்கள் யோசனை, அவள் காட்டினால் நாளைக்குச் செய்து பார்ப்பாள்.

தப்பைச் சொல்லும்போது எப்படிச் சொல்வது

மெண்டருக்கு இங்கே ஒரு இக்கட்டு இருக்கிறது. பிள்ளையின் எழுத்தில் பிழை இருக்கும், சொல்லியாக வேண்டும். சொன்னால், ‘நான் தோட்டத்துப் பிள்ளைங்கிறதால மட்டமா நெனைக்கிறாங்க’ என்று எடுத்துக்கொள்ளும். சொல்லாமல் ‘நல்லாருக்கும்மா’ என்று விட்டால் பிழை அப்படியே நிற்கும், அதுவுமே ஒரு வகையில் ‘இவளுக்கு இவ்வளவுதான் வரும்’ என்று நீங்கள் தீர்மானித்துவிட்டதுதான்.

அமெரிக்காவில் ஜெஃப்ரி கோஹன், கிளாட் ஸ்டீல், லீ ராஸ் மூவரும் 1999-ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். வெள்ளை ஆசிரியர், கறுப்பின மாணவர், நடுவில் ஒரு திருத்தம். பழைய அனுபவத்தால் மாணவருக்கு அந்தத் திருத்தத்தின் மேலேயே சந்தேகம். 2014-ல் டேவிட் யேகர் குழு இதையே பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தி, ஒரு பாதிக்கு மட்டும், உன்மேல் எனக்கு எதிர்பார்ப்பு அதிகம், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரிந்துதான் இவ்வளவு திருத்தம் எழுதியிருக்கிறேன் என்கிற பொருளில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இல்லாத கறுப்பினப் பிள்ளைகளில் 17 சதவீதம் பேர்தான் கட்டுரையைத் திரும்ப எழுதினார்கள்; சீட்டு கிடைத்தவர்களில் அது 70 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன ஆய்வுதான், பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு, அதனால் இதைச் சர்வரோக நிவாரணியாக எடுக்க வேண்டாம். ஆனால் செலவில்லாத விஷயம்.

நம் பக்கத்துப் பேச்சில் அது இப்படி வரும்: ‘இந்தக் கட்டுரையில சிவப்பு நிறையப் போட்டிருக்கேன். மார்க்குக்கு இதே போதும். ஆனா உன்னால மாவட்ட அளவுக்கு எழுத முடியும்னு போன தடவை நீ எழுதுன மூணாவது பத்தியைப் பாத்து எனக்குத் தெரியும், அதனாலதான்.’ கவனியுங்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. ‘நீ சூப்பர்’ என்றால் பிள்ளை நம்பாது, மூணாவது பத்தி என்றால் நம்பும்.

அதே பிள்ளை இன்னொருவர் மேல் முத்திரை குத்தும்போது

இதுதான் கஷ்டமான படி, அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கேலிக்கு ஆளான பிள்ளை யாரையும் கேலி செய்யாது என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. ‘கொலையாளியை நம்பினாலும் மலையாளியை நம்பாதே’ என்கிற பழமொழியை நம் பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மாந்திரீகம் வைப்பார்கள், நைசாகப் பேசிக் காரியம் சாதிப்பார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் அப்படி இப்படி என்று வீட்டுத் திண்ணையிலேயே பேச்சு நடக்கும், பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். அந்தப் பக்கம் பேச்சு வேறு மாதிரி: தமிழன் என்றால் கூலிக்கு வந்தவன், அழுக்கு, படிப்பில்லாதவன், நடிகருக்குப் பால் ஊற்றுகிறவன். இப்போது ஏலத்தோட்டங்களுக்கு ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் எந்த ஊராக இருந்தாலும் மலையில் ‘பெங்காலி’, கீழே இறங்கினால் ‘வடக்கன்’. அவர்கள் திருடுகிறவர்கள் என்று சொல்கிற பிள்ளை போன வாரம்தான் பாண்டி என்று கூப்பிட்டதற்காக அழுதிருக்கும்.

அந்த நிமிசத்தில் ‘உன்னைச் சொன்னப்ப எப்படி இருந்துச்சு, இப்ப நீயே சொல்றியே’ என்று மடக்காதீர்கள். வாதத்தில் ஜெயித்துவிடுவீர்கள், பிள்ளை அதற்கப்புறம் உங்கள் முன்னால் அந்த மாதிரி எதுவும் பேசாது, வேறு இடத்தில் பேசும். அதற்குப் பதிலாக:

‘வடக்கனுங்க எல்லாம் திருட்டுப் பசங்கண்ணே.’

‘அப்படியா. இதை நீ மொதல்ல யாருட்ட கேட்டப்பா?’

‘ஊர்ல எல்லாரும் சொல்றதுதான். வாட்ஸ்அப்புல வீடியோகூட வந்துச்சு.’

‘நீ நேர்ல பேசுன ஆளுன்னா யாரு?’

‘எங்க தோட்டத்து ஸ்டோர்ல ஒருத்தன் இருக்கான். அவன் பரவால்ல. தமிழ் கத்துக்கிட்டான். எங்கம்மாவுக்கு மூட்டை தூக்கிக் குடுப்பான்.’

‘அவர் பேரு என்ன?’

‘…தெரியலண்ணே.’

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உண்மையாகவே வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா நடங்கள். அப்புறம், ‘நாளைக்கு அவர் பேரையும் ஊரையும் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்றியா?’ என்று மட்டும் கேளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். ‘அவன் பரவால்ல’ என்று ஒரு ஆளை மட்டும் விதிவிலக்காக ஒதுக்கி வைத்துவிட்டு, கூட்டத்தைப் பற்றிய எண்ணத்தை அப்படியே காப்பாற்றிக்கொள்ள மனசுக்கு நன்றாகத் தெரியும். மலையாள டீச்சர் நல்லவங்க, ஆனா மலையாளிங்க அப்படித்தான். ஒரே ஒரு நல்ல மனிதரைக் காட்டினால் போதாது என்பது இதனால்தான். வேறு வேறு மாதிரி ஆட்களைக் காட்ட வேண்டும்: கோபக்காரர், சோம்பேறி, பாட்டுக்காரர், கணக்கில் புலி, யாரிடமும் பேசாதவர். நல்லவர்களை மட்டும் தேடிக் காட்டினால் அதுவும் இன்னொரு முத்திரைதான். ‘அவங்களுக்குள்ளயும் நம்மள மாதிரியே எல்லா ரகமும் இருக்கு’ என்று பிள்ளை தானாகச் சொல்ல வேண்டும், அதற்கு ஆட்கள் நாலைந்து பேராவது தேவை.

இன்னொரு வழி, பிள்ளையின் சொந்தக் கதையைக் கேட்பது. 2016-ல் டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மயாமியில் திருநர் மேலான வெறுப்பைப் பற்றி வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிசம் பேசினார்கள். புள்ளிவிவரம் அடுக்கவில்லை, திட்டவில்லை. ‘நீங்க வேற மாதிரி இருக்கீங்கன்னு உங்களை யாராவது ஒதுக்கினது உண்டா?’ என்று கேட்டு, அந்தக் கதையைச் சொல்லவிட்டு, அதை மற்றவர்களின் அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கச் சொன்னார்கள். அந்த மாற்றம் மூன்று மாதம் கழித்தும் நின்றது. நாம் செய்ய வேண்டியதும் அதுதான், ஆனால் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். பாண்டிக் கதையை ஒருநாள் முழுசாகக் கேளுங்கள். வடக்கன் பேச்சு வந்த அன்றைக்கு அதை இழுக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து வைக்கிற வேலை பிள்ளையுடையது, பெரும்பாலும் தானாகவே வைத்துவிடும், அவசரப்பட்டால்தான் கெடும்.

வரலாற்றை எப்போது எடுப்பது

முல்லைப்பெரியாறு பேச்சு வந்தால் பேச்சே தடம் மாறிவிடும் என்று பயந்து பலர் அதைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்பது என் கட்சி. 2011 கடைசியில் குமுளி எல்லை அடைபட்டுக் கிடந்ததும், இரண்டு பக்கமும் கடைகளும் வண்டிகளும் அடிபட்டதும் வீட்டில் பெரியவர்கள் சொல்லிப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாதது மற்றது: 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் 999 வருசக் குத்தகை, 1895-ல் பென்னிகுக் முடித்த அணை, அணை நிற்பது கேரளத்தில், நிர்வாகம் தமிழ்நாட்டிடம், 2014 மே மாதம் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நமக்கு அது கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் குடியிருக்கிறவருக்கு அது ராத்திரித் தூக்கம். அங்கே குடியிருப்பவர்களில் தமிழர்களும் நிறைய. இதைச் சொன்னதும் பல பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, உரிமைக்காகப் பேசுவதற்கு எதிரில் இருப்பவனை அரக்கனாக்கத் தேவையில்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

அதே மாதிரி தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்த வரலாறு தெரிய வேண்டும். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீருமேடும் அந்தப் பக்கம் நின்றன. உங்கள் தாத்தா பாட்டி பிழைக்கப் போன இடத்தில் கோடுதான் வந்து விழுந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கிற பெண்கள் போனசுக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே வர விடாமல் தாங்களே நடத்தினார்கள், கேரளமே திரும்பிப் பார்த்தது. ‘படிப்பில்லாத கூலிக்காரி’ என்று சொன்னவர்களுக்கு அதைவிடப் பெரிய பதிலை எந்த மெண்டராலும் கொடுக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயத்து வீடுகளில் 70 உயிர் போனதையும் சொல்லுங்கள். கொரோனா காலத்தில், கொட்டுகிற மழையில், நாள்கணக்கில் தோண்டித் தேடியவர்களில் இரண்டு மொழிக்காரர்களும் இருந்தார்கள்.

ஆனால் ஒன்று. வரலாற்றைச் சம்பவம் பேசி முடித்த பிறகு எடுங்கள். பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது 1886 என்று ஆரம்பித்தால் அது பாடம் நடத்துவது.

லயத்துக்குள்ளே இருக்கிறது

மலையாளி, தமிழன் என்று பேசுவது நமக்குச் சுலபம், ஏனென்றால் குற்றவாளி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறான். அதே லயத்துக்குள் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள், ஊரில் கோயில் திருவிழாவுக்குப் போனால் எந்தத் தெரு வரை போகலாம் என்பது பற்றிப் பேசாமல் இந்த வேலை முடியாது. கீழே ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களே ‘எஸ்டேட்காரங்க’ என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்வார்கள், அதுவும் இதில் சேர்த்தி. பிள்ளை மொழிப் பேச்சில் கொஞ்சம் தேறியபிறகு, ‘நம்ம ஆளுங்களுக்குள்ளயே யாரை நாம இப்படிச் சொல்றோம்?’ என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படாதீர்கள். சில பிள்ளைகள் அடுத்த சந்திப்பில்தான் சொல்லும், சில பிள்ளைகள் எழுதிக் கொடுக்கும்.

பேச்சு முடிந்ததும் வேலை

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொன்னார்: இரண்டு கூட்டம் சும்மா ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் கசப்பு தீராது. இரு தரப்பும் சம மரியாதையோடு இருக்க வேண்டும், பொதுவாக ஒரு குறிக்கோள் வேண்டும், ஒருவரில்லாமல் மற்றவரால் முடியாது என்கிறபடி சேர்ந்து செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் அதற்கு ஆதரவாக நிற்க வேண்டும். தோட்டத்தில் கங்காணியும் கூலியும் தினமும்தான் சந்திக்கிறார்கள், முதல் நிபந்தனையே அங்கே இல்லை.

ஆகவே ஒரு வேலையைக் கொடுங்கள். எனக்குப் பிடித்தது ஏலக்காய் வேலை. ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின் ஏலம் புற்றடியிலும் நடக்கிறது, போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. காய் விளைவது அங்கே, வாங்குகிற வியாபாரிகள் இரண்டு பக்கமும். ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு மலையாளப் பிள்ளை சேர்ந்து, ஒரு கிலோ காய் செடியிலிருந்து ஏலம் வரை என்னென்ன கை மாறுகிறது, யாருக்கு எவ்வளவு போகிறது என்று விசாரித்து எழுத வேண்டும். காய் எடுக்கிற அம்மாக்களிடம் தமிழில் கேட்க ஒருத்தி வேண்டும், ஸ்டோரிலும் அலுவலகத்திலும் மலையாளத்தில் கேட்க இன்னொருத்தி வேண்டும். ஒருத்தியை விட்டால் வேலை பாதிதான். அறிக்கையில் இரண்டு பெயரும் வர வேண்டும், மார்க்கும் ஒன்றாகத்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வகுப்பாசிரியரிடமும் பேசி வையுங்கள், அவர் ஆதரவு இல்லாவிட்டால் பாதியில் நின்றுபோகும்.

இவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாவிட்டால் சின்னது போதும். செமினார் ஒத்திகை, ரெக்கார்ட் நோட்டு மாற்றிக்கொள்வது, இருவரும் ஒருவர் மொழியை மற்றவருக்கு வாரம் அரை மணி சொல்லிக் கொடுப்பது. வேலை ‘பேர் கேட்டுட்டு வா’ மாதிரி ஒரே ஒரு கேள்வியாகக்கூட இருக்கலாம்.

பேச்சால் தீர்க்கக் கூடாதவை

இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். தொடர்ந்து கேலி, மிரட்டல், அடி, ஹாஸ்டலில் ராகிங் என்றால் அது மெண்டர் உட்கார்ந்து சமாதானம் பேசுகிற விஷயமில்லை. தமிழ்நாட்டில் 1997-லிருந்தும் கேரளத்தில் 1998-லிருந்தும் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, கட்டணமில்லாதது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ன் பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளையிடம், ‘அவங்க கண்ணோட்டத்துலயும் யோசிச்சுப் பாரு’ என்று அந்த நேரத்தில் சொல்வது கொடுமை. தேதி, இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று எழுதி வைக்க உதவுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள், புகார் கொடுக்கக் கூடப் போங்கள். நீங்கள் முன்பு ‘எப்போது, எங்கே, யார்’ என்று கேட்டுப் பழக்கியது இங்கே நேரடியாக உதவும்.

தொடர்ந்து பார்ப்பது

ஒரு பேச்சில் எதுவும் முடியாது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி, அதே பிள்ளையோடு. முதல் பத்து நிமிசம் போனமுறை சொன்ன வேலை என்ன ஆச்சு என்று கேளுங்கள், செய்யவில்லை என்றால் திட்ட வேண்டாம், எது தடுத்தது என்று கேட்டு வேலையைச் சின்னதாக்குங்கள். நடுவில் ஏதாவது புது சம்பவம் இருந்தால் அது. கடைசியில் அடுத்த வேலை.

அசைகிறதா என்று எப்படித் தெரியும்? ‘இப்ப மலையாளிங்களைப் பத்தி என்ன நெனைக்கிற?’ என்று கேட்டால் நீங்கள் விரும்புகிற பதிலைத்தான் சொல்லும், அது வேண்டாம். பேச்சைக் கவனியுங்கள். ‘அவங்க’ குறைந்து பெயர்கள் வருகிறதா. ‘எப்பவும்’, ‘எல்லாரும்’ இருந்த இடத்தில் ‘அன்னைக்கு’, ‘அந்த ரெண்டு பேர்’ வருகிறதா. சந்தேகம் கேட்கக் கை தூக்குகிறாளா, கேன்டீனுக்குப் போகிறாளா. பிடிக்காத ஆளைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவன் மொழியையோ ஊரையோ சேர்க்காமல் சொல்கிறாளா. இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டே வரி எழுதி வையுங்கள், பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம், வேறு யார் கையிலாவது கிடைத்தால் வம்பு.

அப்புறம், வருசம் முடியும்போது பிள்ளையிடமே கேளுங்கள்: ‘நான் உன்னைப் பத்தி மொதல்ல என்ன நெனைச்சிருப்பேன்னு நீ நெனைச்ச? அதுல எது சரி, எது தப்பு?’ வருகிற பதிலை, நீங்கள் ஆரம்பத்தில் எழுதிய தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளைக்கு முதல் சந்திப்பில் என்ன கேட்பது என்று அதிலிருந்தே எடுக்கலாம்.